பூமாலையோடு லொறி ஏறிய கார்

கந்தப்பனுக்குக் கை சும்மா இருக்காது. கடிகாரம் நின்றால் திறப்பான்; ஓடிக்கொண்டிருந்தாலும் திறப்பான், எப்படி ஓடுகிறது என்று பார்க்க. அயன்பெட்டி, ரேடியோ, கோயில் ஒலிபெருக்கி என்று மலையகத்துப் பசறைப் பக்கத்தில் அவன் திருப்புளி படாத பொருள் குறைவு. திறந்ததில் பாதி திரும்ப ஓடும். மீதி, அவன் மனைவி இராக்கம்மாவின் தையல் கடைப் பின்புறம் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும்.

இராக்கம்மா தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பிறந்தவள். அக்காமார் எல்லோரும் கொழுந்து எடுக்கப் போனபோது, அவளை மட்டும் தையல் இழுத்துக்கொண்டது. கல்யாணமான கையோடு பசறை பஸாரில் சின்னதாய் ஒரு கடை எடுத்து, தோட்டத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துத் தைத்தே ஆளானாள். வாய் நிறையப் பேசுவாள். சிரித்தால் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்ப்பார்.

அந்தச் சிரிப்பு ஒரேயொரு முறைதான் நின்றது. தொண்ணூற்றேழில், கரண்டில் ஓடும் புதுத் தையல் மெஷின் ஒன்றை வாரண்டியோடு வாங்கியிருந்தாள். ஒருநாள் நூல் சிக்கி மெஷின் நின்றது. அவள் சோறு வடித்துவிட்டு வருவதற்குள் கந்தப்பன் அதைத் திறந்துவிட்டான். உள்ளேயிருந்து ஒரு சுருள்கம்பி துள்ளிப் பறந்து கூரைத் தகரத்தில் ‘டிங்’ என்று பட்டது. எங்கே போய் விழுந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பதுளையிலிருந்து வந்த கம்பெனிக்காரர் மெஷினைப் பார்த்தார், கந்தப்பனைப் பார்த்தார், பையை மூடினார்.

“நாங்க தொறக்க முந்தி நீங்க தொறந்தா வாரண்டி இல்லீங்க.”

அன்றிரவு கந்தப்பனுக்குச் சோறு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

நாற்பதை எட்டும்போது இராக்கம்மாவுக்குக் கார் ஓட்டும் ஆசை வந்தது. ஓட்டப் பழகினாள். இரண்டாயிரத்து ஆறில், பதுளையில் ஒரு விற்பனை நிலையத்துக்குப் போய், கியர் மாற்றத் தேவையில்லாத சின்னச் சிவப்புக் கார் ஒன்றின் முன்னால் நின்றாள். விற்பனையாளன் நிறத்தைச் சொன்னான், பாட்டுப் பெட்டியைச் சொன்னான், சாதாரண வாரண்டி முடிந்த பிறகும் தொடரும் கூடுதல் வாரண்டியைப் பற்றிப் பெருமையாகச் சொன்னான்.

“அது சரிங்க தம்பி. எதெதச் செஞ்சா நீங்க கைய விரிப்பீங்க? அத மொதல்ல சொல்லுங்க.”

அவன் திகைத்துப்போனான். அப்படி யாரும் அவனிடம் கேட்டதில்லை போலும். உள்ளே போய் மேலாளரையே கூட்டிவந்தான். மேலாளர் விரல் மடக்கிச் சொன்னார்: சேர்விஸைத் தள்ளிப்போடக் கூடாது, வேறு கராஜில் செய்யவும் கூடாது. வாடகைக்கு ஓட்டக் கூடாது. பழுதானால் எங்களுக்குச் சொல்லாமல் யாரும் கை வைக்கக் கூடாது. முக்கியமாக, இந்த மாதிரிக் காரைக் கயிறு கட்டி இழுக்கவே கூடாது. கியர்ப் பெட்டி போய்விடும், பழி உங்கள் தலையில் விழும்.

பசறைக்குத் திரும்பும் வழியெல்லாம் இராக்கம்மா அதைப் பாட்டாகப் பாடினாள். கந்தப்பனையும் பாட வைத்தாள். ‘கை வைக்கக் கூடாது’ என்ற இடத்தில் மட்டும் அவன் குரல் இறங்கியது.

அந்தக் காருக்கு நடந்த உபசாரம் மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது. சேர்விஸ் நாளென்றால் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுவாள். கல்யாணங்களுக்கு வாடகைக்குக் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் கொடுத்தாள், கார் கொடுக்கவில்லை. ஒரே ஒருத்திக்கு மட்டும் வாக்குக் கொடுத்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து அவள் கடையிலேயே தையல் பழகி, கூடவே இருந்த தர்மிளாவுக்கு.

“ஒன் கல்யாணத்துக்கு ஒரு சல்லி வாங்காம நானே ஓட்டிட்டுப் போறேன்டி.”

தர்மிளாவின் கல்யாணம் அடுத்த வருஷம் பதுளைக் கோயிலில் நடந்தது. விருந்தாளிகள் விடியலிலேயே பஸ்ஸில் போய்விட்டார்கள். காரில் இராக்கம்மா, பக்கத்தில் கந்தப்பன், பின்னால் மணப்பெண்ணும் அவள் அம்மாவும். மூக்கில் சம்பங்கி மாலை தொங்கக் கார் வளைந்து வளைந்து போனது. பாதி வழியில் ஒரு திருப்பத்தில் எஞ்சின் ‘ஓ’வென்று கத்தியது. கார் நகரவில்லை. மறுபடி அழுத்தினாள். கத்தல்தான் கூடியது.

எல்லோரும் இறங்கினார்கள். கந்தப்பன் முகத்தில் கவலை வரவேண்டிய இடத்தில் வெளிச்சம் வந்தது.

“புள்ள, சும்மா மூடிய மட்டும் தொறந்து…”

சந்தனம் பூசிய அவன் கை காரின் மூடியில் படிந்தது. அதன்மேல் இராக்கம்மாவின் கை ‘பட்’டென்று விழுந்தது.

அந்த நேரம் பார்த்து, அதே கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த காமில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். பசறையில் கராஜ் வைத்திருப்பவன்.

“அக்கா, அஞ்சு நிமிசம் தாங்க. பாத்துட்டு மூடிருவன்.”

“நீயுமா? தள்ளி நில்லு!”

பின்னாலேயே ஒரு டிராக்டர் வந்தது. ஓட்டி வந்தவர் கேட்காமலே கயிற்றை எடுத்து உதறினார். இராக்கம்மா காருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றாள். பட்டுச்சேலை, நெற்றியில் வியர்வை, கண்ணில் பொறி.

“கயித்தக் கட்டினா என்னையும் சேத்துக் கட்டி இழுங்க!”

அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தத் திருப்பத்தில் போனுக்குச் சிக்னல் இல்லை. இராக்கம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேயிலைக்குள் ஏறினாள். மேலே ஒரு பாறையில் நின்று அவள் போனில் கத்தியது கீழே ரோட்டுக்கே கேட்டது. “ஆமாங்க, யாரும் தொடல! தொட வந்தாங்க, விடல!” இறங்கி வந்தபோது முழங்கைவரை சிராய்ப்பு, முகமெல்லாம் சிரிப்பு. கம்பெனி லொறி வருகிறது; காரைத் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டு போகும்; ஆனால் வரத் தாமதமாகும்.

முகூர்த்தமோ தாமதிக்காது. தர்மிளாவின் அம்மா அழத் தொடங்கினாள். தர்மிளாவும் சேர்ந்துகொள்ளப் பார்த்த நேரத்தில், கொழுந்து மூட்டைகளோடு தோட்டத்து லொறி ஒன்று திருப்பத்தில் தலைகாட்டியது. இராக்கம்மா நடுரோட்டில் பாய்ந்து அதை மறித்தாள். டிரைவர் மணப்பெண்ணைப் பார்த்தார். வேறு கேள்வி கேட்காமல் முன் கதவைத் திறந்துவிட்டார்.

தாயும் மகளும் முன்னால் ஏறினார்கள். காருக்குக் காவல் யார்? கந்தப்பன் கையைத் தூக்கினான். காமிலும் தூக்கினான்.

“நீங்க ரெண்டு பேரும் ஏறுங்க லொறியில. இங்க விட்டுட்டுப் போனா நான் திரும்பி வரும்போது காரு இருக்காது, ஆணிதான் இருக்கும்.”

மேட்டில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கொழுந்துக்காரப் பெண்களைக் கூப்பிட்டு, காமிலின் மோட்டார் சைக்கிளையும் பார்த்துக்கொள்ளச் சொல்லி, கார்ச் சாவியை மூத்தவளிடம் கொடுத்தாள். “கம்பெனிக்காரன் கைக்குத்தான் இது போகணும் அக்கா. வேற யாரு வந்தாலும் வெரட்டி விடுங்க.”

“ஒரு ஈ ஒக்காராது, நீ போ தாயி!” என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

கொழுந்து மூட்டைமேல் இராக்கம்மா, இரு பக்கமும் கைதிகள் மாதிரி இரண்டு ஆண்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் மூவரும் ஒரு பக்கமாய்ச் சரிந்து மறு பக்கமாய் நிமிர்ந்தார்கள். முதலில் காமிலுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கந்தப்பனுக்கு. முன்னாலிருந்து தர்மிளா தலையை வெளியே நீட்டி, “அக்கா, இருக்கீங்களா?” என்று கத்தினாள். “இருக்கேன்டி, நீ தலைய உள்ள வை! பூ பறக்குது!”

முகூர்த்தத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தார்கள். மணப்பெண் பச்சைத் தேயிலை மணத்தோடு மணவறை ஏறினாள். தாலி கட்டி முடிந்து, மணமக்கள் கோயில் வாசலுக்கு வந்த நேரம், பட்டறைக்குப் போகும் வழியில் தெருமுனையில் கம்பெனி லொறி திரும்பியது. அதன் முதுகில் சிவப்புக் கார். சம்பங்கி மாலை அப்படியே இருந்தது. போதாததற்குக் கொழுந்துக்காரப் பெண்கள் கண்ணாடியைச் சுற்றித் தேயிலைக் கொத்துகளையும் காட்டுப் பூக்களையும் செருகியிருந்தார்கள். நாதஸ்வரக்காரர் அதைப் பார்த்தார். பார்த்தவர் குழலை லொறிப் பக்கம் திருப்பி, சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பதை எடுத்துவிட்டார். தவில் சேர்ந்துகொண்டது. கூட்டம் தெருவுக்கு ஓடியது. யாரோ அட்சதை வீசினார்கள். லொறி டிரைவர் ஒன்றும் புரியாமல் வேகத்தைக் குறைத்து, ஊர்வலமாகவே ஓட்டிப் போனார். இராக்கம்மா சிரித்துச் சிரித்து, நிற்கமுடியாமல் கோயில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் கம்பெனிப் பட்டறையில் ஹுமைத் என்ற பரிசோதகர் காத்திருந்தார். பார்வையிலேயே சந்தேகம் இருந்தது.

“பூ எல்லாம் கட்டியிருக்கே. கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டதுதானே?”

இராக்கம்மா வாய் திறக்குமுன், மஞ்சள் கயிறு மின்ன நின்ற தர்மிளா முந்திக்கொண்டாள். “அக்கா எனக்கு அம்மா மாதிரிங்க. வாடகைன்னு சொன்னா அடிப்பாங்க, உங்களையும்தான்.”

ஹுமைத் குனிந்து மூடியைப் பார்த்தார். அங்கே சந்தனத்தில் ஐந்து விரலும் அழகாகப் பதிந்திருந்தன. “இது?”

கந்தப்பன் முன்னே வந்து, அந்த அச்சின்மேல் தன் கையை வைத்துக் காட்டினான்.

“என் கைதாங்க. தொறக்கத்தான் வச்சேன். தொறக்க முந்தி அடிச்சிட்டா.”

ஹுமைத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் காரை உயர்த்தி, அடியில் நின்று, ஒவ்வொரு ஆணியிலும் கம்பெனி போட்ட வண்ணப்புள்ளி கலையாமல் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்தார். கடைசியில் அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“யாரும் தொடல. சேர்விஸும் சரி. புது கியர்ப் பெட்டி போட்டுத் தாறம்.”

இராக்கம்மா போட்ட கூச்சலில் பட்டறைக்கு வெளியே படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. ஹுமைத்தின் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கி, தர்மிளாவைத் தூக்கிச் சுற்றி, கந்தப்பனின் கன்னத்தை எல்லோர் முன்னாலும் கிள்ளினாள். அவன் வெட்கத்தில் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கூரையைப் பார்த்தான்.

கார் கைக்கு வந்த அன்று, பசறைக்குப் போகவேண்டியவள் வண்டியை எதிர்ப்பக்கம் திருப்பினாள். பின்னால் புது மணமக்கள்.

“எங்க புள்ள போற?” என்றான் கந்தப்பன்.

“பண்டாரவளைக்கு.”

“அங்க என்ன வேல?”

“ஒரு வேலயும் இல்ல,” என்றாள் இராக்கம்மா. கண்ணாடியை இறக்கினாள். குளிர்காற்று உள்ளே வந்து தர்மிளாவின் தலைப்பூவைக் கலைத்தது. கார் சத்தமே இல்லாமல் மலை ஏறியது.