கத்தரிக்கோல் நடுவில் இருக்கிறது

என் வீட்டுக்காரருக்குப் பார்சல் ஆபீசில் பொட்டலம் கட்டும் வேலை. அவர் கட்டிய கண்ணாடி ஜாடியை மாடியிலிருந்து போட்டாலும் கீறல் விழாது. அந்தத் திறமை ஆபீசோடு நின்றிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். மனிதருக்குக் காட்டோரம் கூடாரம் போட்டுத் தங்கும் பைத்தியமும் உண்டு. வெயில் காலம் முழுக்கக் கால் நீட்டிப் படுத்திருப்பார். வானம் கறுத்தால் போதும், "கிளம்பலாமா?" என்பார்.

போன தடவை ஈர சாக்ஸோடு விறைத்துக் கிடந்தேன். இந்த முறை கறாராகச் சொல்லிவிட்டேன்.

"என் சாக்ஸ் நனைஞ்சுதுன்னா உங்க கூடாரம் பழைய சாமான்காரர்கிட்ட போயிடும். ஆமா, சொல்லிட்டேன்."

அவர் முகம் தொங்கிப்போனது. சனிக்கிழமை ஹாலையே அடைத்துக்கொண்டு கட்ட ஆரம்பித்தார். பாலித்தீன் உறைக்குள் உறை, அதன்மேல் தார்ப்பாய், அதன்மேல் டேப். டேப் இழுக்கும் சத்தத்தில் என் காது பிய்ந்துவிடும் போலிருந்தது. கூடாரம், அடுப்பு, போர்வை, துணிமணி எல்லாம் ஒரே மூட்டை. எங்கள் மகள் அதைச் சுற்றி வந்து, "அப்பா, இதுக்குக் கதவு எங்க இருக்கு?" என்று கேட்டாள். அவர் சிரிக்கவில்லை.

காட்டோரம் காரை நிறுத்தியதும் மழை பிடித்துக்கொண்டது. மூட்டையை இறக்கினார். நகத்தால் சுரண்டினார், சாவியால் குத்தினார். டேப் இம்மியும் அசையவில்லை. குடை பிடிக்கப் போன நான் சேற்றில் கால் வைத்தேன்.

"கத்தரிக்கோல் எங்க?"

"நடுவுல."

"நடுவுல எதுக்கு வச்சீங்க?"

"கூரான பொருளை நடுவுலதான் வைக்கணும். இல்லேன்னா உறையைக் கிழிச்சிடுமே."

"கத்தி?"

"அதுவும் கூர்தானே."

எனக்கு வந்த கோபத்தில் மழையே ஆவியாகியிருக்க வேண்டும். காரில் கிடந்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு அங்கேயே தூங்கி, மூட்டையோடு அப்படியே வீடு திரும்பினோம். என் சாக்ஸைப் பிழிந்தால் ஒரு வாளி நிறைந்திருக்கும்.

சொன்ன சொல் சொன்னதுதான். பழைய சாமான்காரரை வரவழைத்தேன். அவர் மூட்டையை உருட்டிப் பார்த்தார்.

"பிரிச்சுக் காட்டுங்கம்மா. உள்ள என்னன்னு தெரியாம எப்படி எடுக்கிறது?"

பக்கத்து வீட்டில் கத்தி வாங்கி வந்து நானே அறுத்தேன். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. நட்ட நடுவில், துண்டில் சுற்றிய கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் சின்னப் பொட்டலம் ஒன்று. மற்ற எல்லாவற்றையும்விட அதற்குத்தான் உறை அதிகம். மேலே ஆபீஸ் ஸ்டிக்கர்: 'கவனமாகக் கையாளவும்'. பிரித்தால் என் மாற்று சாக்ஸ்.

"இந்த ஸ்டிக்கர் சாக்ஸுக்கா, எனக்கா?"

"ரெண்டுக்கும்தான்" என்றார், சுவரிடம்.

கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன். பாழாய்ப்போன சிரிப்பு வந்துவிட்டது. சாமான்காரரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு சாக்ஸைப் போட்டுக்கொண்டேன். கதகதப்பாக இருந்தது.

"அடுத்த தடவை கத்தரிக்கோல் என் கைப்பையில வரும். புரிஞ்சுதா?"

சந்தோஷமாகத் தலையாட்டினார். பிறகு என் கைப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நனைஞ்சிடுமே" என்று டேப்பைத் தேட ஆரம்பித்தார்.