பூட்டில்லாத கதவுக்கு ஒற்றை ஸ்டார்

ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் ஃபில்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர்களுக்கும் அக்கா, பெருக்குகிறவர்களுக்கும் அக்கா, அவரைவிடப் பத்து வயது மூத்த லிஃப்ட்காரருக்கும் அக்கா. மூன்றாவது மாடிக்கு மேலே, நோயாளிகள் யாரும் எட்டிப்பார்க்காத எந்திர அறையில், ஆபரேஷன் தியேட்டருக்குக் காற்று அனுப்பும் பெரிய தகரப் பெட்டிகள் நான்கு நிற்கின்றன. ஏட்டில் அவற்றுக்கு நீளமான ஒரு பெயர் உண்டு. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அது வெறும் பெட்டிதான். ஒவ்வொன்றும் ஆள் உள்ளே நுழைந்து நிற்கும் அளவுக்கு இருக்கும். ஒரு முனையில் ஃபில்டர்கள், மறுமுனையில் கம்பிவலை போட்ட விசிறி, நடுவில் ஓர் ஆளுக்கு இடம், பக்கவாட்டில் வெளிப்பக்கமாகத் திறக்கும் ஒரு கதவு. அந்த ஃபில்டர்களைக் கழற்றிப் புதிதாக மாட்டுவது பத்தொன்பது வருடமாக அக்காவின் வேலை. தியேட்டரில் கத்தி பிடிக்கிறவரைப் பற்றி ஊரே பேசும். அவர் இழுக்கும் மூச்சு சுத்தமாக இருக்கிறதே, அது யார் கைவேலை என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்.

இந்த அக்காவுக்கு ஒரு பைத்தியம் உண்டு. ‘நாற்பதாம் கலம்’ என்ற விண்வெளித் தொடர். கணவர் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். கடை டிவியில் அவர் ஒருநாள் அதைப் போட, அவரைச் சாப்பிடக் கூப்பிடப் போன அக்கா நாற்காலியில் உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. அந்தத் தொடரில் கேப்டன் உண்டு, டாக்டர் உண்டு, வாயாடி ரோபோ ஒன்று உண்டு. அக்காவுக்கு வேண்டியவள் மெக்கானிக் ஒருத்திதான். எல்லோரும் ஜன்னல் வழியாக நட்சத்திரம் பார்க்கும்போது அவள் தரைக்கடியில் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள்.

மூன்றாவது சீசனில் அவளைக் காணோம். கேப்டன் போகிற போக்கில், “மெக்கானிக் போய் ஆறு மாசம் ஆச்சு” என்றார். அவ்வளவுதான். எப்படிப் போனாள், ஏன் போனாள், ஒரு வார்த்தை இல்லை. அக்கா இரண்டு நாள் டிவியோடு பேசவில்லை. சிரிக்காதீர்கள், அவர் டிவியோடு பேசுகிற ஆள்தான்.

பிறகு அந்தத் தொடரை ஒட்டி ‘காற்றறை’ என்று ஒரு நாவல் வந்தது. அட்டையில் கேப்டன் மார்பை நிமிர்த்தி நிற்கிறார். உள்ளே கதை முழுக்க மெக்கானிக். அவள் எப்படிச் செத்தாள் என்று சொல்லுகிற புத்தகம். சாப்பாட்டு இடைவேளையில் டிபன் பாக்ஸை ஒரு கையிலும் புத்தகத்தை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு அக்கா படித்தார். ஒன்பதாம் அத்தியாயத்தில், அடைத்துப்போன ஃபில்டரை மாற்ற மெக்கானிக் காற்றறைக்குள் நுழைகிறாள். அவள் உள்ளே இருப்பது தெரியாமல் யாரோ விசிறியை ஓடவிட்டுவிடுகிறார்கள். கதவில் பூட்டு இல்லை. ஆனாலும் திறக்கவில்லை. தோளால் முட்டுகிறாள், காலால் உதைக்கிறாள், திறக்கவே இல்லை.

அக்கா புத்தகத்தை மூடினார். போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். மறுபடி திறந்தார், மறுபடி மூடினார்.

ஏனென்றால் அது அவருக்கு நடந்தது. நாலு வருடத்துக்கு முன்னால், இரண்டாம் நம்பர் பெட்டிக்குள் அவர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தபோது, தியேட்டர் காத்திருக்கிறது என்று எஞ்சினியர் கீழேயிருந்து அவசரப்படுத்த, உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் ஆபரேட்டர் ஸ்விட்சைப் போட்டுவிட்டார். விசிறி காற்றை உறிஞ்சுகிறது. ஃபில்டரோ தூசியில் அடைத்துப்போயிருக்கிறது, புதுக் காற்று போதுமான அளவு உள்ளே வரவில்லை. அப்போது வெளியே இருக்கிற காற்றெல்லாம் கதவின்மேல் சாய்ந்துகொண்டு நிற்கும். பூட்டு எதற்கு? பதினொரு நிமிடம் அக்கா தட்டினார், கத்தினார், அழுதார். விசிறிச் சத்தத்தில் ஒருத்தர் காதிலும் விழவில்லை. கடைசியில் யாரோ ஆளைத் தேடி வந்து நிறுத்தினார்கள். ஒரு வாரம் காதுக்குள் வலி.

எஞ்சினியர் விசாரித்தார். விசாரித்து எழுதினார்: “பணியாளர் பதற்றமடைந்துவிட்டார். கதவில் பூட்டு இல்லை. தானே திறந்துகொண்டு வெளியே வந்திருக்கலாம்.” அந்தத் தாள் அக்காவின் ஃபைலில் இருக்கிறது. மேற்பார்வையாளர் பதவிக்கு இரண்டு தடவை ஆள் எடுத்தார்கள். இரண்டு தடவையும் ஃபைலைத் திறந்தார்கள், அந்தத் தாளைப் படித்தார்கள், மூடினார்கள். பதறுகிற ஆளை மேற்பார்வைக்கு எப்படிப் போடுவது? மூன்றாவது தடவை அடுத்த மாதம் வருகிறது. பதவி கிடக்கட்டும். அப்போதே பெட்டிக்குள் பதினைந்து வருடம் வேலை பார்த்திருந்தவருக்கு ஒரு கதவைத் திறக்கத் தெரியவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார்களே, அதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

புத்தகத்தை முடித்த அன்று சாயங்காலம், மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் பார்ப்போம் என்று கணவரைக் கேட்டார். கடையில் கூட்டம் இல்லை. அவர் செல்லைத் திறந்து, புத்தகம் விற்கிற இடத்தில் வாசகர்கள் எழுதியிருந்த கருத்துகளை உரக்கப் படித்தார்.

“‘நாற்பது பக்கம் தூசி தட்டுகிறார்கள். நான் விண்வெளிக் கதை கேட்டேன், வீடு துடைக்கிற கதை கேட்கவில்லை.’ ஒரு ஸ்டார்.”

“அப்புறம்?”

“‘அட்டையில் கேப்டன், உள்ளே கேப்டன் இல்லை. பச்சை ஏமாற்று.’ ஒரு ஸ்டார். ‘இன்னும் படிக்கவில்லை. பார்சல் நனைந்து வந்தது.’ இதுக்கும் ஒரு ஸ்டார். இந்த ஆளு மழைக்குத்தானே ஸ்டார் கொடுக்கணும்?”

அக்கா சிரித்தார். அடுத்ததைப் படித்தபோது சிரிப்பு நின்றது. கணக்கு வாத்தியார் என்ற பெயரில் ஒருவர் எழுதியிருந்தார்: “கதவில் பூட்டு இல்லை என்று ஆசிரியரே சொல்கிறார். பிறகென்ன, திறந்துகொண்டு வெளியே வரவேண்டியதுதானே? காதில் பூ சுற்றுகிறார்கள். பதறிப்போகிறவளை மெக்கானிக் ஆக்கினால் இப்படித்தான்.” இது பயனுள்ள கருத்து என்று இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பொத்தானை அமுக்கியிருந்தார்கள்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேர்! எஞ்சினியர் ஒருத்தர் எழுதியதற்கே நாலு வருடமாகத் தூக்கம் கெட்டிருந்தது.

“விடும்மா, பொழுதுபோகாதவங்க எழுதறது” என்றார் கணவர்.

“விடமாட்டேன். அந்தப் போனைக் குடுங்க.”

அக்கா எழுதினார். ஒரு விரலால், கண்ணாடியை ஏற்றி ஏற்றி விட்டுக்கொண்டு, முக்கால் மணி நேரம் எழுதினார். கதவு ஏன் திறக்காது, விசிறி என்ன செய்யும், ஃபில்டர் அடைத்தால் என்ன ஆகும், எல்லாவற்றையும் எழுதி, கடைசியில், “நான் உள்ளே இருந்திருக்கிறேன். நீங்கள் இருந்திருக்கிறீர்களா?” என்று முடித்து ஐந்து ஸ்டார் போட்டார்.

மறுநாளே பதில்கள் வந்து குவிந்தன. “நீங்கள் ஆசிரியருக்குச் சித்தியா?” என்றது ஒன்று. “விண்கலத்தில் வேலை பார்த்தீர்களோ?” என்றது இன்னொன்று. கணக்கு வாத்தியார் மட்டும் கொஞ்சம் மரியாதையாக எழுதியிருந்தார். அவர் நிஜமாகவே கணக்கு டியூஷன் எடுக்கிறவர், அதே ஊர்க்காரர். “வாயால் யார் வேண்டுமானாலும் சொல்லலாம் அம்மா. நேரில் காட்ட முடியுமா?”

அக்கா ஒரே வார்த்தையில் பதில் போட்டார்: “வாங்க.”

போட்ட பிறகுதான் உறைத்தது. வெளியாளை எந்திர அறைக்குள் விட எஞ்சினியர் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போட வேண்டியவரோ அந்தத் தாளை எழுதிய அதே மனிதர். கணவர், “வம்பை விலைக்கு வாங்காதே” என்றார். அக்கா ஒற்றைக் காலில் நின்றார். நேராக எஞ்சினியர் மேஜை முன்னால் போய், மென்று விழுங்காமல் விஷயத்தைச் சொன்னார்.

எஞ்சினியர் கெட்ட மனிதர் இல்லை. தான் சொன்னது தவறாக இருக்கும் என்று தோன்றவே தோன்றாத மனிதர். அவர் சிரித்தார்.

“இன்னும் அதையே பிடிச்சுக்கிட்டு இருக்கியாம்மா? நான்தான் அன்னைக்கே போய்ப் பார்த்தேனே. ஒரு விரல்ல திறந்துது.”

“அப்ப அவரும் வந்து பார்க்கட்டும் சார். நீங்களும் வாங்க. உங்க விரலையும் கொண்டாங்க.”

பக்கத்து மேஜையில் இருந்தவர் சிரிப்பை அடக்க இருமினார். எஞ்சினியருக்கு ரோஷம் வந்துவிட்டது. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா நாளைத் தானே குறித்தார். தியேட்டருக்கு ஓய்வு நாள். அதோடு, புது ஃபில்டர் மாட்டுவதற்கு முந்தின நாள். பழைய ஃபில்டர் எவ்வளவு அடைத்திருக்க முடியுமோ அவ்வளவு அடைத்திருக்கும்.

கணக்கு வாத்தியார் வந்தார். ஒல்லியான, பணிவான மனிதர். எழுத்தில் அத்தனை காரம் இருந்ததே, அது எங்கே போயிற்று என்று அக்காவுக்கே ஆச்சரியம். “வணக்கம்க்கா, ஏதோ எழுதிட்டேன்” என்றார். அக்கா அவருக்குக் காதடைப்பான் கொடுத்தார், உள்ளே நிற்க வேண்டிய இடத்தைக் காட்டினார், கதவுக் கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டினால் பார்த்து உடனே நிறுத்திவிடுவதாகச் சொன்னார். ஸ்விட்சுக்குப் பக்கத்தில் தானே நின்றார். அந்த இடத்தை வேறொருத்தர் கைக்கு விட்டு நாலு வருடம் ஆகிறது.

விசிறி ஓடியது. கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக வாத்தியார் தள்ளுவது தெரிந்தது. இன்னொரு தடவை தள்ளினார். பிறகு பட்டென்று தட்டினார். அக்கா நிறுத்தினார். வெளியே வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

“வாத்தியாருக்குத் தெம்பு பத்தல” என்றார் எஞ்சினியர். “நான் காட்டறேன்.” சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவரே நுழைந்தார்.

விசிறி மறுபடி ஓடியது. எஞ்சினியர் விரலால் தள்ளினார். கையால் தள்ளினார். பிறகு தோளைக் கொடுத்தார். பெட்டி முழுக்க அதிர்ந்தது, கதவு இம்மியும் நகரவில்லை. அவர் தட்டவில்லை. தட்ட மனசு வரவில்லை. ஒரு நிமிடம் போயிற்று.

“போதும்க்கா, நிறுத்திடுங்க” என்றார் வாத்தியார் பயந்துபோய்.

“அவர் தட்டட்டும்.”

அக்காவின் விரல் ஸ்விட்சின் மேலேயே இருந்தது. உள்ளே பார்த்தபோது அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் எஞ்சினியர் கையைத் தூக்கித் தட்டினார். அன்றைக்குப் பதினொரு நிமிடம் தட்டிய அக்கா, அவருடைய முதல் தட்டிலேயே விசிறியை நிறுத்தினார்.

எஞ்சினியர் வெளியே வந்து, தலைமுடி கலைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. “அன்னைக்கு நான் பார்த்தப்ப சுலபமாத்தானே திறந்துது.”

“அன்னைக்கு விசிறி ஓடிச்சா சார்?”

எஞ்சினியர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். விசிறி ஓடவில்லை. அன்றைக்கு எல்லாவற்றையும் நிறுத்தி, விளக்குப் போட்டு, மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டு சாவகாசமாகத்தான் கதவைத் திறந்து பார்த்தார். “இருங்க, வரேன்” என்று கீழே போனார்.

அவர் போனதும் வாத்தியார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “கதவு விஷயம் தப்புதான்க்கா. அதை எடுத்துடறேன். ஆனா ஒண்ணு, புத்தகம் கொஞ்சம் அறுவைதான். ரெண்டு ஸ்டாருக்கு மேல மனசு வரல.”

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அன்று முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். “ரெண்டே போடுங்க. புத்தகம் அறுவைங்கறது உங்க கருத்து. நான் சண்டைக்கு வரமாட்டேன். கதவு கருத்து இல்ல.”

எஞ்சினியர் திரும்பி வந்தபோது கையில் அக்காவின் ஃபைல். அந்தத் தாளைத் தேடி எடுத்துப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “இதைக் கிழிச்சுடறேன்மா. இருந்ததே யாருக்கும் தெரியவேண்டாம். அடுத்த மாசம் உனக்கும் நல்லது” என்றார்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். வேறு யாராவது என்றால் தலையாட்டியிருப்பார்கள். அக்கா தாளைப் பிடித்தார்.

“கிழிக்காதீங்க சார். கிழிச்சா எனக்கு ஒண்ணுமே நடக்கலன்னு ஆயிடும். கீழ இடம் இருக்கு. எழுதுங்க.”

“என்னன்னு எழுத?”

“விசிறி ஓடும்போது உள்ள இருந்து கதவு திறக்காதுன்னு. நீங்களே தள்ளிப் பார்த்தீங்கன்னு. இன்னைக்குத் தேதி போட்டு.”

எஞ்சினியர் பெட்டியின் தகரத்தின்மேல் தாளை வைத்து எழுதினார். எழுதிவிட்டு, மேலே இருந்த பழைய வரியின்மேல் பேனாவை வைத்து, “இந்தப் பதற்றம்ங்கறதையும் அடிச்சுடறேன்” என்றார்.

“அது இருக்கட்டும்” என்றார் ஃபில்டரக்கா. “பதறினது நிஜம் சார். நீங்க இப்ப பதறலையா?”

எஞ்சினியர் பேனாவை எடுத்துவிட்டார். பிறகு தன் வரிக்குக் கீழே, யாரும் கேட்காமலே, இன்னொரு வரி சேர்த்தார்: நானும் பதறினேன். அதற்கும் கீழே கையெழுத்துப் போட்டார்.