மீட்டர் மெதுவாக ஓடிய மாதங்கள்

கல்யாணமாகி வெகுகாலம் வரை என் கைக்குக் கரண்டு பில் என்று ஒன்று வந்ததே இல்லை. திருப்பூரில் கம்பெனி அறை. பம்பாயில் மெஸ்காரன் கட்டினான். பெங்களூரில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்திலேயே படுத்துக்கொண்டோம். தலைக்கு மேல் ஒரு பல்பு தொங்கும், அது யார் செலவு என்று யாரும் கேட்டதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எந்த ஊரிலும் அதிகநாள் தரித்ததில்லை. திருவனந்தபுரத்தில், கரமனையில் ஆற்றுக்கு இறங்கும் ஒரு சந்தில் அறை எடுத்த பிறகுதான் முதல் பில் வந்தது. அதில் இருந்த பெயர் வீட்டுக்காரரின் அம்மாவுடையது. அந்த அம்மா செத்து வருஷங்கள் ஆகியிருந்தன. பெயரை மாற்ற யாரும் மெனக்கெடவில்லை.

எங்கள் வள்ளியூர்ப் பக்கம் முதல் நூறு யூனிட்டுக்குக் காசு கிடையாது. இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்து, மீட்டர் நூறைத் தாண்டாதவரை நிம்மதியாக இருந்தோம். பில்லைப் பார்த்ததும் கரண்டு ஆபீஸ் கவுண்டரில் போய், "நூறு யூனிட்டைக் கழிக்கலையே" என்று கேட்டேன். உள்ளே இருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அது தமிழ்நாட்டில், அண்ணா. இவிடெ ஒண்ணு முதல் எண்ணும்."

எனக்குப் பின்னால் நின்றவர், "அங்க போயி லைட்டு போட்டுட்டு இங்க வந்து உறங்கு" என்றார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டுக் கட்டினேன்.

எனக்கு வேலை சாலை என்று பெயருள்ள கடைத்தெருவில், ஒரு மொத்த அரிசிக் கடையில். அங்கே சுமை இறக்குவது சங்கத்து ஆட்களின் வேலை. கார்டு இல்லாதவன் லாரி மூட்டையில் கை வைக்கக் கூடாது. எனக்கு உள்ளே சலிப்பதும் சாக்கு தைப்பதும். சலித்து ஒதுக்கிய உடைந்த இட்லி அரிசியைக் கடைக்காரர் எனக்கு விலை குறைத்துக் கொடுப்பார். அதை வைத்துத்தான் என் மனைவி மாவு விற்க ஆரம்பித்தாள்.

கரமனை அக்கிரகாரத் தெருக்களில் வயதான தம்பதிகள் தனியாக இருக்கும் வீடுகள் பல. பிள்ளைகள் வெளிநாட்டில். அவர்களால் ஆட்ட முடியாது, கடையில் விற்கும் பாக்கெட் மாவும் பிடிக்காது. இவள் காலையில் பெரிய தூக்குவாளியோடு போவாள். மாமிகள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் பாத்திரத்தை நீட்டுவார்கள். அவர்களுக்குப் புளிப்பு ஆகாது. எங்கள் பக்கத்தில் புளித்த மாவில் சுட்டால்தான் தோசை. இங்கே லேசாகப் பொங்கியிருக்க வேண்டும், அதற்குமேல் ஒரு பொட்டுப் புளிப்பு ஏறிவிட்டாலும் முகம் சுளிப்பார்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் காலையில் ஆட்டினால் மத்தியானத்துக்குள் மாவு வழியத் தொடங்கிவிடும். பொங்கிய அந்தப் பதத்திலேயே அதைப் பிடித்து நிறுத்தி, மறுநாள் காலை வரை வைத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் கைமாறிக் கைமாறி வந்த ஒரு பழைய ஃப்ரிட்ஜை வாங்கினோம்.

மாவுக் காசு அறை வாடகைக்குப் போய்விடும். என் சம்பளம் மற்ற எல்லாவற்றுக்கும். மாவு நின்றால் அறை இல்லை. அறை இல்லையென்றால் மறுபடியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு ஊர். எனக்கு அது பழக்கம். ஊர் விட்டு ஊர் போவது என் காலில் இருக்கிற அரிப்பு. அவள் அப்படியில்லை. அந்த மாமிகளில் இரண்டு பேர் அவள் வரத் தாமதமானால் வாசலில் வந்து நின்று பார்ப்பார்களாம். அதைச் சொல்லிவிட்டு ஒருநாள், "எனக்கு இந்த ஊரு போதும். என்னைய இங்கேயே வச்சிருங்க" என்றாள். அவள் என்னிடம் கேட்டது மொத்தத்தில் அது ஒன்றுதான்.

அந்தக் கோடையில் பில் எகிறியது. ஃபேன் ஓயவில்லை. கேஸ் தீர்ந்துபோன வாரங்களில் கரண்டு அடுப்பில் சமைத்திருந்தோம். இந்த ஊர்க் கணக்கில் யூனிட்டுக்குப் படிகள் உண்டு. ஒரு படியைத் தாண்டினால் விலையும் ஏறும், அதோடு சேர்த்துக் கட்டுகிற நிலையான கட்டணமும் ஏறும். தேதிக்குள் எங்களால் கட்ட முடியவில்லை. லைன்மேன் வந்து ஃபியூஸை ஊரிக்கொண்டு போனார். கழற்றுவதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள், பல்லைப் பிடுங்கினதைச் சொல்வதுபோல. ஃப்ரிட்ஜில் இருந்த மாவை ஆற்றில் கொட்டினோம். கட்டணத்தைக் கட்டி, மறுபடி மாட்டுவதற்கும் கட்டி, கரண்டு வந்தபோது வீட்டுக்காரர் வாசலில் நின்றார்.

"அம்மா பேரிலே உள்ள கனெக்‌ஷனாக்கும். நாலாளு பாக்க ஃபியூஸ் ஊரினா எனக்கு நாணக்கேடு. இனி ஒரு தடவ ஊரினா ரூம ஒழிஞ்சு தரணும், கேட்டோ?"

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவள் பயந்தாள்.

அதன்பிறகு எதைக் குறைப்பது என்பதே எங்கள் பேச்சு. கேஸ் வேண்டாம் என்றால் கரண்டு அடுப்பு, கரண்டு அடுப்பு வேண்டாம் என்றால் கேஸ். எங்களுக்குக் கேஸ் இணைப்பு கிடையாது. கடையில் கிடைக்கும் சின்ன சிலிண்டர்தான், அதற்கு விலை கூட. விறகு மூட்டலாம் என்றால் சுவர் கருக்கும் என்று வீட்டுக்காரர் முதல்நாளே சொல்லியிருந்தார். கிரைண்டரை நிறுத்த முடியாது, அதுதான் பிழைப்பு. ஃபேனை நிறுத்திப் பார்த்தோம். பாய் நனைந்து, விடியும்போது இருவருக்கும் முதுகெல்லாம் வேர்க்குரு. கடைசியில் சின்ன சிலிண்டரிலேயே ஒருவேளை மட்டும் சமைப்பது என்று முடிவாயிற்று. மிச்சம் இருந்தது ஃப்ரிட்ஜ்.

பக்கத்து அறையில் நாகர்கோவில்காரர் ஒருவர், ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். எங்கள் பேச்சு சுவரைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கதவில் சாய்ந்து நின்று வழி சொன்னார்.

"அண்ணாச்சி, ராத்திரி ஃப்ரிட்ஜை யாரு திறக்கா?"

"யாரும் திறக்கல."

"பின்ன எதுக்கு ஓடணும்? சாயங்காலம் மாவ நல்லா குளுர வச்சுட்டு ஆஃப் பண்ணுங்க. மூடுன பெட்டிக்குள்ள குளுரு கால் முளைச்சா ஓடிப்போவும்?"

"மாவு புளிச்சிராதா?" என்றாள் இவள்.

"மயினி, எங்க ஹோட்டல்ல மாவு ராத்திரி பூரா வெளியதான் கெடக்கும். காலைல அடிச்சுப் பிடிச்சு வாங்கித் திங்கானுவ."

"ஒங்க ஹோட்டல்ல திங்கவன் நாக்க வீட்டுல வச்சுட்டு வருவான்."

மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் அவளாகவே சுவிட்சை அணைத்தாள். புளிப்பு அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் புளிப்பைவிட அந்த ஃபியூஸ்தான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது.

அப்போது கோடை மழை பெய்துகொண்டிருந்தது. காற்று குளிர்ந்திருந்ததால் மாவு தப்பித்தது. நான் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் மீட்டரைப் பார்ப்பேன். எண் மெதுவாக நகர்ந்தது. அவளிடம் சொன்னால் முகம் தெளியும். மழை விட்டு வெயில் திரும்பியபோதும் நாங்கள் அணைப்பதை நிறுத்தவில்லை. காலையில் திறந்தால் பாத்திரத்தின் மூடி லேசாக நகர்ந்திருக்கும். அவள் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள், எனக்கும் நீட்டுவாள். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். நாங்கள் இருவரும் வள்ளியூர் நாக்கை வைத்துக்கொண்டு அக்கிரகாரத்து மாவை ருசி பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாமிகள் யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் உடனே தெரிந்திருக்கும். "இன்னிக்கு வேண்டாம் கேட்டியா, உப்புமா கிண்டிட்டேன்" என்று ஒரு வீடு. "மாமாவுக்கு வயறு செரியில்லை, கஞ்சிதான்" என்று இன்னொரு வீடு. தூக்குவாளி பாதி நிறைந்தபடி திரும்பத் தொடங்கியது. அந்த மாவை நாங்களே ஒருவேளை சுட்டு மூன்று வேளையும் தின்றோம். ஒருநாள் காலையில், எப்போதும் வாசலில் நின்று பார்க்கும் மாமிகளில் ஒருவர், சுற்றிலும் பார்த்துவிட்டு இவளை அருகில் கூப்பிட்டிருக்கிறார்.

"ஒண்ணும் தப்பாத் தோணிக்காதே, கேட்டியா. நோக்கு நேரே சொல்றேன். மாவு வாயில வைக்க முடியலை. ஒரு மாசமா இப்படித்தானாக்கும்."

"ஒரு மாசமாவா மாமி? அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நீ வெயில்ல நடந்து வரே. எப்படிச் சொல்றது?"

இதை என்னிடம் சொல்லும்போது அவள் மாமி குரலிலேயே சொன்னாள். கடைசி வரியில் அந்தக் குரல் நின்றுவிட்டது.

அன்றைக்கே ஃப்ரிட்ஜை இரவும் பகலும் ஓடவிட்டோம். அரிசியை மாற்றினோம், வெந்தயத்தைக் குறைத்தோம். மாவு பழையபடி வந்தது. ஆனால் அதற்குள் மற்ற வீடுகளுக்குத் தெருமுனைக் கடையிலிருந்து பாக்கெட் மாவு போகத் தொடங்கியிருந்தது. பிடிக்காது என்றவர்களே வாங்கினார்கள். அவள் வீடு வீடாகப் போய், "இப்போ புளிக்கலை மாமி, தொட்டுப் பாருங்க" என்று வாளியைத் திறந்து காட்டினாள். தொட்டுப் பார்த்தார்கள். "நன்னாருக்கு" என்றார்கள். பாத்திரம் எடுத்து வரவில்லை. அந்த ஒரு மாமி மட்டும் தினமும் ஒரு கரண்டி வாங்கினார். அதற்காகக் கிரைண்டரைப் போட முடியாது. சில நாட்களில் நிறுத்திவிட்டாள். கிரைண்டரும் நின்றது, ஃப்ரிட்ஜும் நின்றது.

அடுத்த பில் போட வந்த மீட்டர்காரர் தன் கையிலிருந்த மெஷினைத் தட்டிப் பார்த்தார்.

"சேச்சி, இத்தவண ரொம்பக் குறவாணல்லோ! ஏசி வித்தோ?"

அவர் நல்ல மனிதர், விளையாட்டாகத்தான் கேட்டார். இவள் பில்லை வாங்கிக்கொண்டு, "ஆமா சாரே, வித்தாச்சு" என்றாள். அந்த அறைக்கு வந்த பில்களிலேயே சிறியது அது. அதைக் கட்டிவிட்டோம், எந்தச் சிரமமும் இல்லை. கட்ட முடியாமல் போனது வாடகை. வீட்டுக்காரர் கொஞ்சநாள் பொறுத்தார், பிறகு கொடுத்திருந்த முன்பணத்தில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். அது தீருகிற நாளில் அறையை ஒழிய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும்.

ஃப்ரிட்ஜை எங்களுக்கு விற்ற பழைய சாமான் கடைக்காரனையே வரவழைத்துத் திரும்பக் கொடுத்தோம். அவன் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்றான். குளிர் ஏறும் வரைக்கும் மூவரும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தோம். குளிர் ஏறியதும் அவள் எழுந்து போய்த் துணிகளை மடிக்கத் தொடங்கினாள்.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஆள் எடுப்பதாகச் சாலைக் கடைத்தெருவில் ஒருவர் சொல்லியிருந்தார். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் வேலை, தங்க ஷெட். அதை அவளிடம் சொன்னேன்.

"அங்க கரண்டு யாரு கட்டணும்?"

"கம்பெனிதான்."

"ஃபேன் உண்டா?"

"பொதுவா ரெண்டு உண்டாம்."

"சரி" என்று சொல்லிவிட்டு, கிரைண்டர் கல்லைத் தூக்க ஒரு கை பிடிக்கச் சொன்னாள். பரோட்டா மாஸ்டர் அதை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.