இரண்டாவது இழை

தண்ணீர் நிலையத்தில் அவளுக்குத் 'தங்கக்காரி' என்று பெயர். கேலிப் பெயர்தான். அவள் கவனித்துக்கொள்ளும் கருவியில் முடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை, ஓடும் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கும். அதன் நுனியில் தங்கப் பூச்சு. ஆயிரம் இழைகளைச் சுரண்டினாலும் குண்டுமணித் தங்கம் தேறாது. இது புரியாத மாமியார், "இவ்வளவு தங்கத்தோட பொழங்குறே, கழுத்து மட்டும் மொட்டையா கெடக்கே" என்று விடாமல் குத்திக்கொண்டிருப்பாள்.

மாமியார் கிடக்கட்டும். விஷயம் இதுதான்: இழைக்குள் வெளிச்சத்தை அனுப்பினால் தங்கம் அதில் ஒரு நிறத்தை மட்டும் விழுங்கிக்கொள்ளும். தங்கத்தின் மேல் பூச்சிமருந்து வந்து ஒட்டினால் விழுங்கும் நிறம் மாறும், திரையில் கோடு நகரும். ஆனால் வெயிலில் தண்ணீர் சூடேறினாலும், உப்பு கூடினாலும் அதே கோடு நகர்ந்து தொலைக்கும். அதனால் பக்கத்திலேயே, மருந்து ஒட்டாதபடி செய்த இரண்டாவது இழை ஒன்று. இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் பயமில்லை. முதல் இழை மட்டும் நகர்ந்தால் ஊருக்குப் போகும் தண்ணீரை நிறுத்தியாக வேண்டும்.

அந்த இரண்டாவது இழையைத்தான் அன்று காலை துடைக்கும்போது படக்கென்று ஒடித்துவிட்டாள். சொன்னால் பொறியாளர் வாங்கு வாங்கென்று வாங்குவார். வேலை நிரந்தரமாகும் நேரம் வேறு. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டாள். கெட்ட நேரம் பாருங்கள், உச்சி வெயிலில் முதல் இழையின் கோடு நகர ஆரம்பித்தது.

வெயில்தான், வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கோடு நிற்கவில்லை. தண்ணீரை நிறுத்தினால் விசாரிப்பார்கள், உடைத்தது வெளியே வந்துவிடும். நிறுத்தாவிட்டால்? வீட்டில் பிள்ளை இருக்கிறானே. கைபேசியில் புருஷனைக் கூப்பிட்டாள்.

"பையனுக்குக் குழாய்த் தண்ணி குடுக்காதீங்க. பிடிச்சு வெச்சதையும் கொட்டிடுங்க."

"ஏன், என்னாச்சு?"

"ஒண்ணும் இல்ல. சொன்னதைச் செய்யுங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சரி, நம்ம பையனுக்குக் கடையில வாங்கிக்கறேன். மாடி வீட்டுப் பாப்பா வெளையாட வந்திருக்கா. தாகமா இருக்குன்னு டம்ளரோட குழாய்கிட்ட நிக்கறா. அவளை என்ன பண்ணட்டும்?"

குடிக்கட்டும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொன்னால், அந்த ஒரு பிள்ளையோடு எப்படி நிறுத்துவது? சீ, நானும் ஒரு மனுஷியா என்று தன்மேலேயே அருவருப்பாக வந்தது.

"டம்ளரைப் பிடுங்குங்க," என்றாள். "மாடியில சொல்லுங்க. எதிர் வீட்டுலயும் சொல்லுங்க."

கைபேசியை மேசையில் போட்டுவிட்டு ஓடினாள். பெரிய வால்வின் சக்கரத்தைச் சுற்றுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. குழாயின் இரைச்சல் அடங்கிய பிறகுதான் திரும்பி வந்து பொறியாளரை அழைத்தாள். அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டு நிறுத்தின? சூடா, மருந்தா, அதைச் சொல்லு மொதல்ல."

"தெரியல சார்."

"தெரியலையா? ரெண்டாவது இழை என்ன காட்டுது?"

"அது இல்ல சார். காலையில நான்தான் ஒடச்சேன்."

திட்டுக்காகக் காத்திருந்தாள். திட்டு வரவில்லை. அவர் வீட்டில் யாரிடமோ, "அந்தத் தண்ணிய வெச்சிடும்மா, குடிக்காத" என்று சொல்வது மட்டும் கேட்டது.