பெரிய பிள்ளையும் மறைத்துப் பிடித்த நோன்பும்

சாய்ந்தமருதில் நஸீறாவுக்கு அடுத்த வளவுக்காரியாக இருப்பதென்றால் ஒரு வசதி உண்டு. அன்றைக்கு என்ன மீன், என்ன விலை என்று வாசலுக்குப் போய்க் கேட்கத் தேவையில்லை. சைக்கிள் மீன்காரனோடு அவள் பேரம் பேசுகிற சத்தம் குசினி அடுப்புவரைக்கும் வரும். நெடுத்த உருவம், அகன்ற தோள், வாப்பாவை உரித்து வைத்த உடம்பு. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். மாமியார் ஆக்கிய கறியில் உப்புக் கூடினால் மாமியாருக்கே சொல்லுவாள். இப்படிப்பட்டவளுக்குப் பொய் சொல்ல வேண்டிய தேவையே வருவதில்லை. ஆனாலும் ஒரு பொய் சொன்னாள். அதையும் நோன்பு வாயோடு சொன்னாள்.

அதற்குக் காரணம் மூத்தவள் சுல்பிகாவின் வலது கை.

சுல்பிகா எழுபத்தாறில் பிறந்தாள். அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு நஸீறாவுக்குச் சீதனமாக வந்தது. மாப்பிள்ளை காலிதீன் அங்கே வந்து குடியிருந்தார். பெண்ணின் வீட்டில் பெண்ணின் உம்மா சொல்வதுதான் சட்டம். பிள்ளைப்பேறு என்றால் கேட்கவே வேண்டாம். உம்மாவின் பெயர் சித்தி லைலா. அவள் மருத்துவிச்சியைக் கூப்பிட்டு, உள் அறையில் பாய் விரித்து, வெந்நீர் வைத்து எல்லாம் சரியாகத்தான் செய்தாள். தலை வந்தது. தோள் வரவில்லை. தலை வெளியே, உடம்பு உள்ளே என்று பிள்ளை சிக்கிக்கொண்டது. மருத்துவிச்சி பிடித்து இழுத்ததையும், உம்மா யாஸீன் ஓத வாயெடுத்து ஓத முடியாமல் நின்றதையும் நஸீறா மறக்கவே இல்லை. கடைசியில் பிள்ளை நீலமாய் வந்து, கொஞ்சம் பொறுத்து அழுதது. அழுகைச் சத்தம் கேட்டதும் வீடே மூச்சு விட்டது. அயலுக்கெல்லாம் சீனி கொடுத்தார்கள்.

இரண்டொரு நாள் கழித்துக் கடல் காற்றுக்கு அறைக் கதவு படாரென்று அடித்தது. தூங்கிக் கிடந்த பிள்ளை திடுக்கிட்டது. இடது கை மட்டும் மேலே துள்ளி விரிந்தது. வலது கை துணியில் கிடந்தபடி கிடந்தது. நஸீறா எழும்பிப் போய்க் கதவைத் திறந்து, தானே ஒருமுறை அடித்துப் பார்த்தாள். மறுபடியும் ஒரு கைதான் துள்ளியது.

எண்ணெய் தேய்த்தார்கள், ஓதிப் பார்த்தார்கள், ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போனார்கள். கை மெல்ல மெல்ல உயிர் பெற்று, நெஞ்சு மட்டத்துக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. சோறு தின்னும்போது சுல்பிகா கையை வாய்க்குக் கொண்டு வரமாட்டாள். வாயைக் கைக்குக் கொண்டு போவாள். இடது கையால் தின்னக்கூடாது என்று யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் சோற்றுக் கோப்பைக்கு மேல் குனிந்து குனிந்து தின்பாள். அதைப் பார்க்கிற ஒவ்வொரு வேளையும் நஸீறா தன் கோப்பையைத் தள்ளி வைத்துவிடுவாள்.

எண்பதில் நஸீறா மறுபடி உண்டானாள். ஆறாம் மாதத்திலேயே வயிறு வாசலை அடைத்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் இரட்டைப் பிள்ளை என்றார்கள். கிளினிக்கில் பூமணி மிஸ்ஸி குழலை வயிற்றில் வைத்து நெடுநேரம் காது கொடுத்துக் கேட்டாள். பூமணி காரைதீவுக்காரி, அந்தப் பகுதிக் கர்ப்பிணிகளுக்கெல்லாம் பொறுப்பான மருத்துவமாது.

"ஒண்டுதான் புள்ள. ஆனா நல்ல பெரிய புள்ள."

பெரிய பிள்ளை என்றால் மற்றவர்களுக்குச் சந்தோசம். நஸீறாவுக்கு மூத்தவளின் தோள் சிக்கியதுதான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, யாருக்கும் கேட்காமல், ஒரு நேர்ச்சை வைத்தாள். இந்தப் பிள்ளை இரண்டு கையும் சுகமாகப் பிறக்கட்டும், வருகிற நோன்பை ஒன்றும் விடாமல் பிடிக்கிறேன் என்று. கர்ப்பிணிக்கு நோன்பில் சலுகை இருப்பது அவளுக்குத் தெரியும். விட்டதைப் பிறகு பிடித்துக் களாச் செய்துகொள்ளலாம் என்று உம்மாவே சொன்னாள். ஆனால் நஸீறா நினைத்ததை விடுகிற ஆள் இல்லை.

நோன்பு மாதத்தில் கிளினிக் போனபோது பூமணி கேட்டாள்:

"நோன்பு கீன்பு பிடிக்கிறீங்களா?"

"இல்ல மிஸ்ஸி" என்றாள் நஸீறா. பிடிக்கிறேன் என்று சொன்னால் விடச் சொல்லுவார்கள். விட்டால் நேர்ச்சை போய்விடும். அவ்வளவுதான் அவளுடைய கணக்கு.

பூமணி சிறுநீரில் நீலத் தண்ணீரைக் கலந்து, கண்ணாடிக் குழாயை விளக்கில் காய்ச்சினாள். சீனி இருந்தால் நிறம் மாறும். மாறவில்லை, நீலம் நீலமாகவே நின்றது. அந்த மாதம் இன்னொரு தடவை போனபோதும் அப்படித்தான். அன்றைக்கு லேடி டொக்டரும் வந்திருந்தார், உம்மாவும் காலிதீனும் சுல்பிகாவோடு கூடப் போயிருந்தார்கள். வயிற்றை அழுத்திப் பார்த்து, மூத்த பிள்ளையின் கதையைக் கேட்டு, சுல்பிகாவின் கையையும் தூக்கிப் பார்த்தார்.

"வீட்டில வேண்டாம். அதை மட்டும் நான் கண்டிப்பாச் சொல்லுறன்" என்றார். "சீனி இல்லாதபடியா கல்முனை ஆஸ்பத்திரியிலயே சாதாரணமாப் பெறப் பார்க்கலாம். சீனி இருந்தா கதை வேற. சீனி வருத்தக்காரியின்ட பிள்ளைக்குத் தலையை விடத் தோளும் நெஞ்சும் பெருத்துப்போகும். அப்ப மட்டக்களப்புக்கு அனுப்பி ஒப்பரேசன்தான் செய்விக்க வேணும்."

ஒப்பரேசன் என்ற சொல்லைக் கேட்டதும் சித்தி லைலா எழும்பி நின்றுவிட்டாள். வழி நெடுக அவள் வாய் ஓயவில்லை.

"வயித்தக் கிழிச்சுப் புள்ள எடுக்கிறதாம். ஆம்புளைகள் எல்லாம் நிப்பானுகளாம். ஒண்ணாகா, எனக்கு இது ஒண்ணாது. ஒரு தரம் வழி திறந்தா மறுகா லேசாத்தான் வரும். எங்கட வீட்டுக்குள்ள பொறக்கட்டும்."

காலிதீன் பின்னால் சுல்பிகாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். வயலில் பத்துப் பேரை வேலை வாங்குகிற மனுசன், மாமியார் இருக்கும் இடத்தில் தொண்டையைக் கனைப்பதோடு சரி. படுக்கைக்குப் போனபிறகுதான் சொன்னார்.

"உம்மா சொல்றத நான் தட்டேலா. ஆனா அந்த அறைக்குள்ள இன்னொரு புள்ள பொறக்கிறதப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல."

"எனக்கு மட்டும் இரிக்கா மச்சான்?" என்றாள் நஸீறா. அவள் அப்படி ஒத்துக்கொண்டதைக் கேட்டு அவர் பயந்தே போனார்.

ஆக, மூன்று வழி. வீட்டில் பெற்றால் உம்மாவுக்கு நிம்மதி. கல்முனைக்குப் போனால் டொக்டர் பக்கத்தில் நிற்பார், வெட்டுக் காயம் இல்லை. மட்டக்களப்பு என்றால் கத்தி. நீலத் தண்ணீர் நீலமாகவே நின்றபடியால் மூன்றாவதை நினைக்கத் தேவையில்லை என்று மனதை ஆற்றிக்கொண்டாள்.

பெருநாள் வந்தது. உண்டான பெண்ணுக்கு ஆசை மிச்சம் வைக்கக்கூடாது என்று அயல் வீட்டு இனிப்புகளான வட்டிலப்பமும் தொதலும் முதல் அவள் கோப்பைக்குத்தான் வந்தன. ஒரு மாதம் கட்டிப்போட்டிருந்த வாயல்லவா, நஸீறாவும் குறை வைக்கவில்லை. அடுத்த கிளினிக்கில் பூமணி குழாயைக் காய்ச்சினாள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது.

பூமணி சிரித்தாள். "பெருநாள் தீன் எல்லாம் குழாய்க்குள்ள தெரியுது புள்ள. போன மாசம் ரெண்டு தரமும் சுத்தமாத்தானே இருந்தது. இனிப்பை விட்டுட்டு அடுத்த முறை வாங்க."

நஸீறாவும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். வாசலைத் தாண்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. போன மாதம் சுத்தமாக இருந்ததற்குக் காரணம் பூமணிக்குத் தெரியாது. நஸீறாவுக்குத் தெரியும். வெறும் வயிற்றோடு போனவளின் சிறுநீரில் எதைக் காண்பது? சோறு தின்றுவிட்டுப் போயிருந்தால் அப்போதே செங்கல் நிறம் வந்திருக்குமோ?

பேசாமல் இருக்கலாம். பெருநாள் தீன் என்று மிஸ்ஸியே சொல்லிவிட்டாள். அடுத்த முறையும் பசியோடு போய் நின்றால் நீலம் நிற்கும், கத்தி இல்லை, உம்மாவின் அழுகை இல்லை, பொய்யும் வெளியே வராது. வீட்டுக்கு வரும்வரை இதைத்தான் நினைத்தாள்.

வீட்டில் சுல்பிகா பெருநாள் சட்டையைத் தானே போடப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கை உள்ளே போய்விட்டது. வலது கை சட்டைக்குள் மேலே ஏற மாட்டாமல் மடங்கி நின்றது. முகம் துணிக்குள் மாட்டிக்கிடக்க, உள்ளேயிருந்து அவள் கூப்பிட்டாள்.

"உம்மா, கைய எடுத்துத் தாங்கோ."

நஸீறா சட்டையை இறக்கிவிட்டு, அந்தக் கையை முதலில் எடுத்துக் கொடுத்தாள். பொத்தானைக்கூடப் போடவில்லை. தலைத்துணியை இழுத்துவிட்டு வந்த வழியே திரும்பினாள். அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. அல்லாஹ்விடம் கேட்டது பிள்ளையின் கையை. அதைக் காப்பாற்ற நிற்கிறவளிடம் சொன்னது பொய்.

அன்றைக்கும் வந்திருந்த லேடி டொக்டர் காரில் ஏறப் போகும் நேரம் நஸீறா மூச்சு வாங்கக் கிளினிக் வாசலில் நின்றாள்.

"டொக்டர், நான் நோன்பு பிடிச்ச. எல்லாத்தையும் பிடிச்ச. மிஸ்ஸி கேக்கக்குள்ள இல்லயெண்டு பொய் சொல்லிட்டன். அந்த நீலம் நோன்புட நீலம்."

டொக்டர் கார்க் கதவிலிருந்து கையை எடுத்தார். ஏசுவார் என்று நஸீறா எதிர்பார்த்தாள். அவர் பூமணியைப் பார்த்தார். பூமணி நெற்றியில் கை வைத்தாள்.

"நோன்பு பிடிக்கிறது உங்கட விருப்பம். சொல்லியிருந்தா சாப்பிட்ட பிறகு வரச் சொல்லிப் பார்த்திருப்பம், அவ்வளவுதான்" என்றார் டொக்டர். மறுநாள் சாதாரணமாகச் சோறு தின்றுவிட்டு வரச் சொன்னார். தொதலும் இல்லை, வட்டிலப்பமும் இல்லை, வெறும் சோறும் மீன்குழம்பும். குழாய் மறுபடி செங்கல் நிறத்தில் நின்றது.

டொக்டர் ஒன்றையும் மூடி மறைக்கவில்லை. சோற்றைக் குறைத்துச் சீனியைக் கட்டுப்படுத்தலாம், ஆனால் பிள்ளை இப்போதே பெரிதுதான் என்றார். வெட்டினால் காயம் ஆற நாளெடுக்கும், குனிந்து நிமிர முடியாது, அடுத்த பிள்ளைக்கும் ஆஸ்பத்திரியை விட முடியாது.

"வெட்டாம விட்டாலும் அநேகமாச் சுகமாப் பிறக்கலாம். சிக்கினா, அந்த நேரத்தில என்னால உறுதி சொல்ல ஏலாது. பிள்ளையின்ட எடையையும் கையால தடவித்தான் சொல்லுறன், அது பிழையாகவும் இருக்கலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

"உறுதி சொல்ல ஏலாததை நான் ஒருக்காப் பாத்திட்டன் டொக்டர்" என்றாள் நஸீறா. "மட்டக்களப்புக்கே எழுதுங்க."

சித்தி லைலாவிடம் சொல்வதுதான் கத்தியை விடப் பெரிய பயம். நஸீறா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். உம்மா ஒப்பரேசனை விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள்.

"நோன்பு வாயாலயா பொய் சொன்ன நீ?"

"ஓம்."

"தௌபாச் செய்கா முதல்ல, அல்லாக்கிட்ட மன்னிப்புக் கேளு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்: "அந்த அறைக்குள்ள நானும்தான் நிண்ட. எனக்கும் கண்ணுக்குள்ளதான் நிக்கிது." எழும்பிப் போய்ப் பெட்டியில் வெள்ளைத் துணிகளை அடுக்கத் தொடங்கினாள். வீட்டில் பிறக்காவிட்டால் போகட்டும், வீட்டுத் துணியிலாவது கிடக்கட்டும் என்றாள். காலிதீன் இந்தத் தடவை தொண்டையைக் கனைக்கவில்லை. நேரே போய்க் கார் பேசிக்கொண்டு வந்துவிட்டார்.

பெரும்போகத்துக்கு விதைக்கிற காலம். சாப்பாட்டைக் குறைத்து, ஆளே கொஞ்சம் வாடிப்போயிருந்தாள் நஸீறா. டொக்டர் குறித்த நாளுக்கு முந்திய காலையில் கார் புறப்பட்டது. கல்லடிப் பாலத்தில் ஏறும்போது உம்மா சத்தமாக நபிமேல் ஸலவாத்துச் சொன்னாள். காலிதீனும் சேர்ந்து சொன்னார். நஸீறா வயிற்றில் கையை வைத்தபடி வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் மயக்கம் தெளிந்தபோது தொண்டை வறண்டு, வயிறு நெருப்பாய் எரிந்தது. பக்கத்தில் ஒரு மிஸ்ஸி நின்றாள்.

"ஆம்பிளைப் பிள்ளை. சரியான பாரம், வார்ட்டே வந்து பார்த்திட்டுப் போகுது."

"கையச் சொல்லுங்க" என்றாள் நஸீறா.

"கைக்கு என்ன? ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

அவள் நம்பவில்லை. சுல்பிகா பிறந்த அன்றைக்கும் எல்லாரும் அப்படித்தானே சொன்னார்கள். காலிதீன் பிள்ளையின் காதில் பாங்கு சொல்லிவிட்டு வந்து, "ரெண்டு கையும் ஆடுது" என்றார். அதையும் நம்பவில்லை. உம்மா, பேரனின் பாரத்தைப் பக்கத்துக் கட்டில்காரிகளுக்கெல்லாம் ஏற்றி ஏற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒப்பரேசனுக்குத் தான்தான் முதலில் சம்மதித்ததாகவும் சொன்னாள்.

உட்கார விட்ட அன்றைக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து பக்கத்தில் கிடத்தினார்கள். தூங்கிக்கொண்டிருந்தது. நஸீறா காயத்தை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மெல்லக் குனிந்து, வீட்டுத் துணியை விரித்து, பிள்ளையின் இரண்டு கைகளையும் வெளியே எடுத்து வைத்தாள். பிறகு படாரென்று கையைத் தட்டினாள்.

பிள்ளை திடுக்கிட்டது. இரண்டு கைகளும் ஒன்றாக மேலே துள்ளி விரிந்து, விரலெல்லாம் நடுங்கி, நெஞ்சுக்குத் திரும்பி வந்தன. அது வாயைக் கோணி அழத் தொடங்கியது. நஸீறாவின் கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. மறுபடியும் தட்டினாள்.

"என்னத்துக்குகா புள்ளய வெருட்டுறாய்?" என்று உம்மா ஓடி வந்தாள்.

"வெருளட்டும் உம்மா" என்றாள் நஸீறா. "ரெண்டு கையாலயும் வெருளட்டும்."