இல்லை என்று வந்த பதில்

மாடியில் குடியிருக்கும் ஆராய்ச்சி மாணவி மடிக்கணினியில் கட்டுரைகள் தேடிக்கொண்டிருந்தாள். சொற்களை அடைப்புக்குறிக்குள் போடுகிறாள், நடுவே 'அல்லது' போடுகிறாள், 'மற்றும்' போடுகிறாள். "இது ஒங்களுக்குப் புரியாது பாட்டி" என்றாள். எனக்கா புரியாது? அவளுடைய அம்மா பிறக்கும் முன்பே அந்த 'அல்லது'வோடு நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. பாச்சை உருண்டை வாசனை வந்தால் இன்றைக்கும் அந்த நூலக அட்டைகளின் இழுப்பறைகள்தான் ஞாபகம் வரும். புடவையிலும் அதே வாசனை. திருக்கோகர்ணத்தில் பஸ் ஏறினால் பக்கத்து சீட்டுப் பெண் மூக்கைச் சுளிப்பாள். அது கிடக்கட்டும். ஆராய்ச்சிக்கு வேண்டிய கட்டுரைகள் நம் ஊரில் ஏது? டெல்லியில் ஓர் ஆவண நிலையத்துக்கு, இன்னின்ன சொற்கள் வரும் கட்டுரைகளின் பட்டியல் வேண்டும் என்று கடிதம் எழுத வேண்டும். அவர்கள் தொகுதி தொகுதியாகப் புரட்டிப் பதில் போட நாற்பது நாள் ஆகும். அந்தக் கடிதம் எழுதுவதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கே ஒரு நினைப்பு.

அருளப்பன் சார் தாவரவியல் ஆசிரியர், ஆவூர்க்காரர். குளத்தூர்ப் பக்கத்துச் செம்மண் கொல்லைகளில் மூன்று வருஷம் வெயிலில் குனிந்து, கடலைச் செடியின் இலைப்புள்ளி நோயைக் கணக்கெடுத்தவர். பத்து நாள் முந்தி விதைத்தால் நோய் குறைகிறது என்று கண்டிருந்தார். இதை வேறு யாராவது முன்பே சொல்லியிருந்தால் என்ன செய்வது என்பதே அவருடைய பயம். நான் கடிதம் அடித்தேன்: கிரவுண்ட்நட், இலைப்புள்ளி, விதைப்பு நாள், மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். பதிலும் கச்சிதமாக வந்தது: எதுவும் இல்லை. சார் ஆய்வேட்டில் 'முதன்முதலாக' என்று எழுதிக்கொண்டு எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். நான் இரண்டு தின்றேன்.

அடுத்த வாரம் ஓர் அமெரிக்கப் பத்திரிகை வந்தது. அட்டையில் நம் கடலைச் செடி, கீழே 'பீநட்' என்று பெயர். நாம் கிரவுண்ட்நட் என்பதற்கு அங்கே அதுதான் பெயர். அமெரிக்காவில் எழுதிய எதையும் நான் கேட்கவே இல்லை.

"சார், மறுபடி கேக்கணும் சார்."

"இல்லைன்னு வந்திருச்சேம்மா. திங்கக்கெழமை ஆய்வேட்ட அனுப்புறேன். விட்ருங்க."

"இல்லைன்னு அவங்க சொல்லல சார். நான்தான் அப்படிச் சொல்ல வச்சுட்டேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. ஆனாலும் திங்கட்கிழமை ஆய்வேட்டை அனுப்பவில்லை. இந்த முறை கிரவுண்ட்நட், அல்லது பீநட், அல்லது அதன் லத்தீன் பெயர், இவற்றில் ஏதாவது ஒன்றோடு இலைப்புள்ளி வந்தால் போதும் என்று எழுதினேன். விதைப்பு நாளை எடுத்துவிட்டேன்; அதை யார் எந்தச் சொல்லில் எழுதியிருப்பார்களோ. அந்த நாற்பது நாளும் சார் தினமும் வந்து செய்தித்தாள் படித்தார், தபால்காரர் வந்து போன பிறகே எழுந்து போவார்.

பதினொரு தலைப்புகள் வந்தன. ஒன்பதாவது, அவர் கண்டதேதான். யாரோ பல வருஷம் முந்தியே எழுதியிருந்தார். சார் என் மேஜை அருகே நின்றபடியே படித்தார். என் பேனாவை வாங்கி, ஆய்வேட்டில் இருந்த 'முதன்முதலாக' என்பதைக் கோடு போட்டு அடித்தார்.

"அங்கிட்டும் ஒருத்தன் வெயில்ல குனிஞ்சிருக்கான்" என்றார்.

நம் செம்மண்ணிலும் அது உண்மைதான் என்று மாற்றி எழுதி, பட்டமும் வாங்கினார். அதன்பிறகு என்னிடம் காட்டாமல் அவர் எந்தக் கேள்வியையும் வெளியே அனுப்பியதில்லை. "சரியாக் கேட்டிருக்கேனாம்மா?" என்று வந்து நிற்பார். அவரைப் பார்த்து மற்ற ஆசிரியர்களும் வந்தார்கள்.

இப்போது அந்த இழுப்பறைகள் இல்லை, சாரும் இல்லை. நாற்பது நாள் கண் இமைக்கும் நேரமாகிவிட்டது. அதற்கு நான் வருந்தவில்லை, நல்லதுதான். கேட்பதற்கு முன்னால் கேள்வியைக் கொண்டுவந்து காட்டுகிற மனிதர்களைத்தான் காணோம். நான் இங்கே, கீழ்வீட்டில்தான் இருக்கிறேன்.