நெஞ்சு அடித்தால் நல்லது

எல்வீரா என் கணவருடைய அக்கா. லிதுவேனியாவின் தெற்குக் காடுகளுக்குள் ரயில் நின்று போகிற சின்ன ஊர் எங்களுடையது. அங்கே காளான் கொள்முதல் கொட்டகையில் அவளுக்கு வேலை. கூடைகூடையாக வருவதைக் கொட்டி, புழு அரித்ததைக் கழித்து, மிச்சத்தைத் தரம் பிரிக்க வேண்டும். கை வேகம், வாய் அதைவிட வேகம். முற்றிப்போன காளானை மறைத்து அடியில் வைத்துக் கொண்டுவருபவர்களை அவள் பேசுகிற பேச்சைக் கேட்கவே சிலர் வரிசையில் நிற்பார்கள்.

நாற்பது வயதை நெருங்கும்போது அவளுக்கு முழங்கால் வீங்க ஆரம்பித்தது. வீங்கும், வடியும், மறுபடி வீங்கும். கெட்டிலைத் தூக்க முடியாத அசதி. நகரத்து மருத்துவமனையில் ஒரு வயதான டாக்டர் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி வலேரியன் வேர்ச் சொட்டு எழுதிக் கொடுத்தார். அடுத்த வருஷமும் அதே சொட்டு. அதற்கடுத்த வருஷம் வேறொரு டாக்டர், அதே சொட்டு.

"உனக்கு நோவு முழங்கால்ல இல்லடி, நாக்குல இருக்கு" என்பான் அவள் புருஷன் லியோனாஸ். "அதுக்கு மட்டும் ஒரு நாளும் வீக்கம் வரமாட்டேங்குது."

என் கணவரும் சொல்லியிருக்கிறார். "அக்கா, டாக்டரே ஒண்ணுமில்லங்கறார். நீ ஏன் போட்டு உருட்டிக்கிட்டே இருக்க?" அவள் தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள். லியோனாஸ் அயர்லாந்தில் இறைச்சி ஆலைக்கு வேலைக்குப் போனான். முதலில் போன் வந்தது, பிறகு அதுவும் நின்றது. நோய்க்காரியோடு யார் குடும்பம் நடத்துவார்கள் என்று ஊரில் பேசினார்கள். நோயே இல்லை என்று சொன்னதும் அதே வாய்கள்தான்.

அப்புறம் நகரத்துக்கு ருகீலே என்று ஒரு இளம் டாக்டர் வந்தாள்.

"காட்டுக்குப் போவீங்களா?"

"எங்க ஊர்ல போகாதவங்க கல்லறையிலதான் இருக்காங்க."

"உண்ணி கடிச்சிருக்கா?"

"எண்ணச் சொன்னா நாளைக்கு வரைக்கும் உக்காந்திருக்கணும்."

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். லைம் நோய், உண்ணிக் கடியில் உடம்புக்குள் ஏறுகிற கிருமி. எங்கள் பேச்சில் லைமா என்றால் பிறந்த குழந்தையின் தலையெழுத்தை எழுதுகிற தேவதை. அதனால் இந்த நோயை வைத்து எல்லோரும் ஒரு தடவையாவது ஜோக் அடித்துவிடுவார்கள். எல்வீரா அன்றைக்கு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள்.

"டேய், எனக்கு நிஜமாவே வியாதிடா!" என்று தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அந்த லைமாவே வந்து கையெழுத்துப் போட்டுட்டா!" வேலை கிடைத்தவள் மாதிரி அவள் முகம் இருந்தது. என் கணவருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

மாத்திரை ஆரம்பித்த முதல் நாள் அவளுக்குக் குளிர் தூக்கிப் போட்டது. நெஞ்சு குதிரை மாதிரி ஓடியது. ருகீலேவுக்குப் போன் போட்டேன். கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது உடம்பு முதல் ஒரு நாள் இப்படித் துள்ளலாம், தானே அடங்கிவிடும், அடங்காவிட்டால் உடனே கூட்டி வாருங்கள் என்றாள். மறுநாள் அடங்கிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக முழங்காலும் வடிந்தது. எல்வீரா குனிந்து நிமிர்ந்து வேலை செய்தாள்.

அதற்குப் பிறகு ஊரில் யாருக்கு உண்ணி கடித்தாலும் அவளிடம்தான் வருவார்கள். வெண்ணெய் தடவாதே, நெருப்பால் சுடாதே என்று திட்டிக்கொண்டே இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுப்பாள். வனக்காவலர் மகளின் தொடையில் இந்த நோய்க்கே உரிய சிவப்பு வளையத்தைப் பார்த்து, கையோடு டாக்டரிடம் அனுப்பி வைத்ததும் அவள்தான். இத்தனை வருஷம் யாரும் காதில் போட்டுக்கொள்ளாத அவள் பேச்சை இப்போது எல்லோரும் கேட்டார்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நெஞ்சு படபடக்கிறது என்றால் "நல்லது, கிருமி சாகுது" என்பாள். டாக்டர் சொன்ன அந்த 'முதல் ஒரு நாள்' சொல்லச் சொல்ல எங்கேயோ உதிர்ந்துபோனது. நெஞ்சு அடித்தால் நல்லது என்பது மட்டும் நின்றது.

யாத்விகா அவளுடைய சிநேகிதி. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. எல்வீராவுக்கு நோய் என்று எல்லோருக்கும் முன்னால் நம்பியவள் அவள் ஒருத்திதான். கெட்டில் தூக்க முடியாத காலத்தில் தினமும் வந்து அடுப்பு மூட்டிவிட்டுப் போவாள். பருத்த உடம்பு, கோயில் ஜன்னல் அதிரும் குரல். விடியலில் காட்டுக்குள் போனால் ஏழெட்டு மரம் தள்ளி இருப்பவர்களுக்கும் அவள் பாட்டு கேட்கும். அவள் புருஷன் ப்ரோனியுஸ் ரயில்பாதை பராமரிப்பில் இருந்தான். அதிகம் பேசாதவன்.

ஒரு கோடையில் யாத்விகாவுக்கு அலுப்பும் மூட்டு வலியும் வந்தன. முதுகில் பெரிய வளையம் பரவியிருந்ததை ப்ரோனியுஸ் சவுனா நீராவிக் குளியலில்தான் பார்த்தான். ஊர்ச் சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தார்கள். எல்வீராவுக்கு ஒரே குஷி.

"வாடி, வா, நம்ம சங்கத்துல சேந்துட்டியா? மாத்திரை போடுறப்போ மோர், தயிர் எதுவும் தொடாத. வெயில்ல நிக்காத."

"பீட்ரூட் குளிர்சூப் இல்லாம நான் எப்படிடி உயிரோட இருப்பேன்? அதுல பாதி மோருதானே."

"வெறும் பீட்ரூட்டைத் தின்னு. கன்னம் சிவக்கும், ப்ரோனியுஸ் திரும்பிப் பார்ப்பான்."

முதல் சில நாள் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு நாள் கொட்டகையில் கூடையை இறக்கி வைத்த யாத்விகா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தராசில் எடை போட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னமோ நெஞ்சுல கோழி மாட்டிக்கிட்ட மாதிரி இருக்குடி. படபடங்குது. அப்புறம் சத்தமே இல்லாம நிக்குது. மறுபடி அடிக்குது."

"அடிக்கட்டும். எனக்கும் அடிச்சுது" என்றாள் எல்வீரா, கையில் காளானோடு. "உள்ள சாகுதுங்கடி எல்லாம். பொறுத்துக்கோ."

"நானும் சேந்து செத்துடப்போறேன்."

"நீயா? உன்னைப் புதைக்க ரெண்டு குழி வெட்டணும். யாருக்கு அவ்வளவு நேரம்?"

யாத்விகா வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடிக்க மூச்சு போதாமல் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கடுத்த வாரம் படியேறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. ப்ரோனியுஸ் வண்டிச் சாவியை எடுத்துவிட்டான். நகரத்துக்குப் போகலாம் என்றான். யாத்விகா கிளம்பாமல், எல்வீராவைக் கேட்டு வா என்று அவனை அனுப்பினாள். நான் அப்போது எல்வீரா வீட்டு அடுப்படியில் வெள்ளரிக்காய் ஊறுகாய்க்குச் சோம்புக்கீரை நறுக்கிக்கொண்டிருந்தேன். அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொன்னான்.

"கூட்டிட்டுப் போய் என்ன பண்ணுவ?" என்றாள் எல்வீரா. அவள் குரல் ஏறியது. "நாக்கை நீட்டுன்னுவாங்க. வயசு, நரம்பு, வீட்டுல சண்டையான்னு கேப்பாங்க. சொட்டு மருந்து எழுதி அனுப்புவாங்க. எனக்குத் தெரியாதா? வருஷக்கணக்கா என்னைப் பைத்தியக்காரி ஆக்கினாங்க. அவளையும் அந்த மாதிரி கேலிப்பொருளா ஆக்கணுமா?"

"அவ வெளுத்துப் போயிருக்கா."

"நானும் வெளுத்தேன். மாத்திரை வேலை செய்யுது ப்ரோனியுஸ். நடுவுல நிறுத்தினாத்தான் ஆபத்து."

அவன் தொப்பியைக் கையில் ஒரு சுற்று சுற்றினான். போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து, காலையில், யாத்விகா கேரட் பிடுங்கப் பின்தோட்டத்துக்குப் போனாள். ப்ரோனியுஸ் சவரம் பண்ணிக்கொண்டிருந்தான். பாட்டுச் சத்தம் நின்றது அவனுக்கு முதலில் உறைக்கவில்லை. போய்ப் பார்த்தபோது பாத்தியில் பக்கவாட்டில் கிடந்தாள், கையில் கேரட் தழை. ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவர்கள் முழங்காலிட்டு ரொம்ப நேரம் முயற்சி செய்தார்கள்.

கிருமி இதயத்துக்குள் போயிருந்தது. துடிக்கச் சொல்லி மேலிருந்து கீழே சேதி கொண்டுபோகிற பாதையை அது மறித்துவிட்டது என்று ருகீலே எங்களுக்குச் சொன்னாள். சொல்லும்போது அவள் மேஜையைத்தான் பார்த்தாள்.

"மருத்துவமனையில படுக்க வச்சு, ஊசி போட்டு, கொஞ்ச நாளைக்கு இதயத்துக்கு ஒரு கருவி மாட்டியிருந்தா, பெரும்பாலும் அந்தப் பாதை தானே திறந்துக்கும். திறந்தப்புறம் கருவியைக் கூடக் கழட்டிடலாம்." பிறகு மெதுவாகக் கேட்டாள்: "யாராவது ஏதாவது சொன்னாங்களா அவங்ககிட்ட?"

ப்ரோனியுஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். நானும் எழுந்தேன்.

உடலை வீட்டில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் பைபிள் சங்கீதங்களைப் பாடிக்கொண்டிருந்தார்கள், அவள் குரல் இல்லாமல் மெலிசாக இருந்தது. எல்வீரா வந்து முற்றத்து வேலிக்கு வெளியே நின்றுகொண்டாள். யாரும் கூப்பிடவில்லை. ப்ரோனியுஸ் எழுந்து போனான். அடிக்கப் போகிறான் என்று நினைத்து என் கணவர் பின்னாலேயே ஓடினார்.

"உள்ள வா" என்றான் அவன்.

"ப்ரோனியுஸ், நான்..."

"பேசாத. வந்து அவ பக்கத்துல உக்காரு. நீ சொன்னதைத்தான கேட்டா அவ."

அவள் உட்கார்ந்தாள். விடிகிற வரையில் எழுந்திருக்கவில்லை. அழுததையும் நான் பார்க்கவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் எல்வீராவுக்கே நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. கொட்டகையில், கோயிலில், சூப் குடிக்கும்போது. நான் ருகீலேவிடம் கூட்டிப் போனேன். இ.சி.ஜி. எடுத்தார்கள். ஒரு நாள் முழுக்க உடம்பில் துடிப்பைப் பதிவு செய்கிற பெட்டி மாட்டி அனுப்பிப் பார்த்தார்கள்.

"இதயம் நல்லா இருக்கு எல்வீரா அம்மா. துக்கத்துலயும் இப்படி வரும்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ஒண்ணுமே இல்லையா?"

ருகீலே இல்லை என்று தலையாட்டினாள். என் நாத்தனாரின் முகத்தில் நிம்மதியைத் தேடினேன். அது இல்லை. ஏமாந்துபோனவள் மாதிரி பட்டனைப் போட்டுக்கொண்டாள்.

அதன் பிறகு இடுக்கியைக் கையில் எடுப்பதை விட்டுவிட்டாள். ஆனால் மாத்திரை சாப்பிடுகிற யாராவது நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று எங்கேயாவது சொல்லிக் காதில் விழுந்தால் போதும், கோட்டை மாட்டிக்கொண்டு அவர்கள் வீட்டில் போய் நிற்பாள். கிளம்பு என்பாள். வர மறுத்தால் நகர மாட்டாள். தபால்காரியைக் கூட்டிப் போனாள், வனக்காவலரையே கூட்டிப் போனாள். ஒருவருக்கும் ஒன்றும் இருந்ததில்லை. அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் எரிச்சலாகக் கேட்டாளாம்: "ஊர்ல காப்பி குடிச்சுப் படபடப்பு வந்தவங்களை எல்லாம் ஓட்டிட்டு வந்துடுவீங்களா?"

"ஆமா. ஓட்டிட்டு வருவேன்" என்றாளாம்.

போன கோடையில் மரம் அறுக்கிற ஆலையில் வேலை செய்கிற நெரிங்கா என்ற பெண்ணுக்கு மாத்திரை சாப்பிடும்போது நெஞ்சு படபடப்பு வந்தது. பஸ் போய்விட்டது. என் கணவர் ஊரில் இல்லை. வண்டி இருந்த இன்னொரு வீடு ப்ரோனியுஸுடையது. யாத்விகா போன பிறகு எல்வீரா அந்தத் தெருப்பக்கமே போனதில்லை. அன்றைக்குப் போனாள், நானும் கூடப் போனேன். அவன் விறகு பிளந்துகொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் கோடரியைப் போட்டுவிட்டுச் சாவியை எடுத்து வந்தான்.

நெரிங்காவை உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் மூவரும் நடைவழியில் உட்கார்ந்திருந்தோம். இதயத்தில் ஒன்றும் இல்லை, மாத்திரையைத் தொடரலாம், வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். திரும்பும்போது அவள் பின்சீட்டில் என் தோளில் தூங்கிவிட்டாள். எல்வீரா முன்னால் இருந்தாள். காடு ஆரம்பிக்கிற வளைவு தாண்டியதும் ப்ரோனியுஸ் பேசினான், சாலையைப் பார்த்தபடியே.

"உன்னைக் கேக்க வந்த அன்னைக்கும் டேங்க் நெறைய பெட்ரோல் இருந்துச்சு."

எல்வீரா கொட்டகைத் திருப்பத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கினாள். கதவை மெதுவாகச் சாத்தினாள். அவன் வண்டியை எடுக்காமல், அவள் கொட்டகைக்குள் போகிற வரை இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு நின்றான். பிறகு நெரிங்காவை அவள் வீட்டில் விடப் போனோம்.